திட்டின் மேல் பெத்துராஜ்

மில்லின் சங்கு ஊதாமல் போன அந்த வருஷத்தை எள்ளுக்கரிசல்காரர்கள் இன்றைக்கும் மந்தத்து வருஷம் என்றுதான் சொல்கிறார்கள். பேப்பரில் ‘பொருளாதார மந்தம்’ என்று போட்டிருந்ததை டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தபோது, மந்தம் கைக்குழந்தைகளுக்கு வருவதுதானே, வசம்பு உரசிக் கொடுத்தால் போய்விடும் என்று ஊர் நினைத்தது. வசம்பில் போகவில்லை. கடலுக்கு அந்தப்புறம் யாரோ சட்டை வாங்குவதை நிறுத்த, அதனால் கப்பல்கள் சும்மா நிற்க, அதனால் பனியன் கம்பெனிகள் பூட்டிக்கொள்ள, அதனால் நூல் விலை போகாமல் கிடக்க, கடைசியில் ஊருக்கு வடக்கே இருந்த நூற்பாலையின் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியது. மில்லுக்குப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், மில்லுக்குப் போனவர்களுக்கு இட்லி விற்றவர்கள் உட்கார்ந்தார்கள், இட்லி விற்றவர்களுக்கு உளுந்து விற்றவர் மட்டும் கொஞ்ச நாள் நின்றுகொண்டிருந்தார், பிறகு அவரும் உட்கார்ந்தார்.

அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது, அது சும்மா இருக்கவில்லை. ஆனால் சும்மா கொடுத்தால் சனங்கள் கெட்டுப்போவார்கள், வேலை வாங்கிக்கொண்டுதான் அரிசி கொடுக்க வேண்டும் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே மாநிலம் பூராவும் வேலை முளைத்தது. கடற்கரை ஊர்களில் மணலைச் சலித்துத் திரும்பவும் கடற்கரையிலேயே போட்டார்கள். மலையோர ஊர்களில் பாறைகளுக்கு வெள்ளையடித்தார்கள், மழை வந்து கழுவியதும் மகிழ்ச்சியாக மறுபடி அடித்தார்கள். ஆற்றோர ஊர் ஒன்றில் ஒரு பாலம் கட்டப்பட்டது, ஆறு அதற்கு அடுத்த ஊரில் ஓடியது. இதையெல்லாம் கிண்டலாகச் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது, அந்த அரிசியில்தான் பிள்ளைகள் உயிர் பிழைத்தன, நானும் அதைத் தின்றுதான் வளர்ந்தேன்.

எள்ளுக்கரிசலுக்கு வந்தது குளம் வெட்டும் வேலை. ஊருக்குக் கிழக்கே பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தோண்டுங்கள் என்றார் ஓவர்சியர் பாக்கியநாதன். அவர் கெட்டவர் இல்லை. சட்டைப் பையில் விதிகளைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாத மனிதர், அவ்வளவுதான்.

குளம் வெட்டுகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றிலும் மண்ணை வெட்டி எடுக்கும்போது நடுவில் ஒரு திட்டை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள். பழைய தரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அதன் தலையிலிருந்து குளத்தின் அடிவரைக்கும் டேப் பிடித்தால் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அந்த ஆழத்துக்குத் தக்கபடி அரிசி. சாட்சித் திட்டை யாராவது வெட்டினாலோ, ஏணி சாய்த்தாலோ, கை வைத்தாலோ அளவு செல்லாது, ஊர் அதுவரை வாங்கிய அரிசி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தின்ற அரிசியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று விதியில் இல்லை.

முழங்கால் ஆழத்துக்குப் போவதற்குள் சுக்கான் பாறை வந்துவிட்டது. கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளைந்தது. வெள்ளிக்கிழமை அளவு வரும், ஆழம் ஏறியிருக்காது, அரிசி வராது. பஞ்சாயத்துத் தலைவர் குருவப்பன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, குளம் வெட்டுகிற ஊர்களில் எல்லாரும் செய்து, யாரும் செய்ததாக ஒப்புக்கொள்ளாத காரியத்தைச் செய்யச் சொன்னார். குளத்தைத் தாழ்த்த முடியாவிட்டால் திட்டை உயர்த்து. மண் குழைத்துத் தலையில் அப்பினார்கள். புதுமண் என்று தெரியக் கூடாதென்று சாணித் தண்ணீர் தெளித்தார்கள், புல் கரணைகளைப் பெயர்த்து வந்து நட்டார்கள், புல் வாடக் கூடாதென்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பிய மண் இறுகுவதற்கு யாராவது மேலே ஏறி உட்கார வேண்டியிருந்தது.

“மாப்ளே, நீரு உக்காரும்” என்றார் குருவப்பன்.

அவர் கூப்பிட்டது பெத்துராஜை. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவன், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறவன். மந்தம் வந்த பிறகும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊதாத சங்குக்குக் காது கொடுத்துவிட்டு, கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தான். குளத்து வேலைக்கு அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய்தான் கூடை தூக்கினாள். அவனுக்குத் தலையில் மண் சுமக்க வெட்கம். ஊருக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்டதில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்றதும் அவன் ஏறிக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் விடிந்தபோது திட்டு ஓர் ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. “தண்ணி ஊத்துனா வளரத்தானே செய்யும்” என்றாள் கூடைக்காரி ஒருத்தி. பெத்துராஜ் குதித்துவிடலாம் என்று பார்த்தான், அப்போது குதித்திருந்தால் கணுக்கால்தான் சுளுக்கியிருக்கும். ஆனால் குருவப்பன் இரண்டு கையையும் தூக்கித் தடுத்தார். “குதிச்சீர்னா ஒட்ட வச்ச மண்ணு பேந்துரும் மாப்ளே. வெள்ளிக்கெழம அளவு முடியட்டும். ஊரு கும்பி உம்ம குண்டிக்குக் கீழதான் இருக்கு.” வெள்ளிக்கிழமைக்குள் திட்டு பனைமரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது.

ஓவர்சியர் பாக்கியநாதன் வந்தார், அண்ணாந்து பார்த்தார், விதிகளை யோசித்தார். திட்டு வளரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. யாரும் தொடவில்லையே என்று மட்டும் கேட்டார், தொடவில்லை என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. டேப்பை ஒரு கல்லில் கட்டி மேலே எறிந்தார்கள். பெத்துராஜ் நுனியைப் பிடித்துக்கொண்டான். குளம் பனைமரத்தில் பாதி ஆழம் என்று அளந்து எழுதிக்கொண்டு ஓவர்சியர் போனார். அந்த வாரம் வண்டி நிறைய அரிசி வந்தது.

அதன் பிறகு ஊர் அதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் காலையில் கூடை மண்வெட்டியோடு வந்து குளத்துக்குள் உட்கார்ந்துகொண்டார்கள், வேலைக்கு வராமல் அரிசி வாங்குவது தப்பில்லையா. பல்லாங்குழி ஆடினார்கள், கல்யாணம் பேசி முடித்தார்கள். திட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் முறை வைத்து நடந்தது. திட்டு தன்பாட்டுக்கு வளர்ந்தது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஊருக்கு எவ்வளவு அரிசி வேண்டுமோ அவ்வளவு உயரம், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் பேராசைப்படவில்லை. உச்சியில் காலை மடித்து உட்காரத்தான் அகலம், படுக்க இடமில்லை. டேப்பைப் போலவே கல்லில் கட்டி எறிந்து கொடுத்த, ஆளைத் தாங்காத மெல்லிய கயிறு ஒன்றைப் பெத்துராஜ் கீழே விட்டான், வெள்ளைத்தாய் தூக்குவாளியில் சோறு கட்டி அனுப்பினாள். வீட்டில் ஆக்கி எடுத்து வந்தால் ஆறிவிடுகிறது என்று குளத்துக்குள்ளேயே மூன்று கல் வைத்துப் பொங்கினாள். ஆள் புழங்காத வீட்டில் கூரை ஒழுகி மண் அடுப்பு கரைந்துபோனது, அவள் திரும்பப் போடவில்லை.

மேலே இருப்பவனிடம் கீழே இருப்பவர்கள் கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருந்தது.

“பெத்துராசு, பொக தெரியுதா?”

வடக்கே மில் புகைபோக்கி அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. “இல்ல, காக்கா உக்காந்திருக்கு” என்பான். அதைக் கேட்டுக்கொண்டு ஊர் மறுபடியும் பல்லாங்குழிக்குத் திரும்பும். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கேட்டுப் போனார்கள். மாடு காணாமல் போனவர்கள் வந்தார்கள், ஓடிப்போன மகளைத் தேடி ஒருவர் வந்தார், அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொன்னான். முதலில் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சட்டையில் மண் படவில்லை, எல்லாரும் அண்ணாந்து பேசினார்கள். வெள்ளைத்தாய்க்கு அவன் உள்ளங்கால்தான் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

இதற்கிடையில் தலைநகரத்தில் எள்ளுக்கரிசல் பேர் வாங்கிவிட்டது. மாநிலத்திலேயே ஆழமான குளம். ‘ஆழமான பகுதி, இறங்காதீர்’ என்று சிவப்பு எழுத்தில் பலகை வந்தது, அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. முழுகுகிறவர்களைக் காப்பாற்ற ரப்பர் வளையங்கள் வந்தன, பிள்ளைகள் உருட்டி விளையாடின. மேலதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்து, கரையிலேயே நின்று, முழங்கால் பள்ளத்துக்குள் வரிசையாக நின்று கும்பிட்ட சனங்களைப் பார்த்துப் பதறி, “எல்லாரும் முதல்ல மேல ஏறி வாங்க, உயிர் முக்கியம்” என்றார். ஏறினார்கள். அவர் போன மறுவாரம், இத்தனை ஆழமான குளம் இருக்கிற ஊருக்கு எதற்கு என்று தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் அடுத்த ஊர்க் கிணற்றுக்குக் குடம் தூக்கினார்கள். தூக்கி வந்ததில் முதல் குடத்தைத் திட்டுக்கு ஊற்றினார்கள்.

ஆவணி கழிந்தது. வெயிலில் பெத்துராஜ் கறுத்து, காற்றில் காய்ந்து, குரல் மெலிந்துவிட்டான். தூக்குவாளியில் பாதிச் சோறு திரும்பி வந்தது. உட்கார்ந்தே தூங்கி உட்கார்ந்தே விழித்தவனுக்குக் கால் இருக்கிற நினைப்பே போய்விட்டது. ஒருநாள் வெள்ளைத்தாய் மூன்று கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது தெற்கே ஒரு முணுமுணுப்புக் கேட்டது. தலை தூக்கினாள். மேகம். கரிசல் மண் மழையில் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கிற களி ஆகிவிடும். இத்தனை உயரத் திட்டு கரைந்து சரிந்தால் அதன் உச்சியில் இருப்பவனை வழித்து எடுக்க வேண்டியதுதான். ஐப்பசி மழைக்குள் புருஷனை இறக்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் முக்கியமாகத் தோன்றவில்லை.

குருவப்பனிடம் போனாள்.

“சின்னையா, மழ வருது. திட்ட ஒடச்சு அவர எறக்கணும்.”

“ஒடச்சா அரிசியத் திருப்பித் தரணும் தாயி. ஊரே செரிச்சு முடிச்சிருச்சே.”

“அவரு செத்தா?”

குருவப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. “பொக வரட்டும் ஆத்தா. மில்லு தெறந்துட்டா நிவாரணத்த அவுங்களே மூடிருவாங்க, கடைசி அளவு எடுத்துட்டா திட்டுக்குச் சோலி முடிஞ்சிரும். அப்பறம் நானே மொத மம்பட்டி போடுறேன்.”

புகை மறுவாரம் வந்தது. மத்தியானம் மேலேயிருந்து மெல்லிய குரல் இறங்கியது. “பொக! காக்கா பறக்குது! பொக!” கீழே பல்லாங்குழி நின்றது. ஒருவரும் சந்தோஷப்படவில்லை. மில் திறந்தால் மில்லுக்காரர்களுக்கு வேலை, சரி, மற்ற வீடுகளுக்கு? அரிசி நின்றுபோகும். ஒரு கூட்டம் குருவப்பனைப் பார்த்தது, குருவப்பன் அண்ணாந்து பார்த்தார், கையைக் குவித்துக் கத்தினார்: “மாப்ளே! அது மேகமாயிருக்கும்! கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் பாக்காதீரும்!”

வெள்ளைத்தாய் அதைக் கேட்டாள். அவள் சண்டை போடுகிறவள் இல்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், கூடையை எடுத்துக்கொண்டு நேரே ஓவர்சியர் பாக்கியநாதன் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

“சார், திட்டத் தொடக் கூடாது. அப்படித்தானே?”

“தொடக் கூடாதும்மா. அது சாட்சி.”

“ஏணி சாத்தக் கூடாது.”

“கூடாது.”

“குளத்த ஒசத்தலாமா?”

பாக்கியநாதன் டீயைக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி அது.

“அந்தத் திட்டு ஒசரத்துக்குக் குளத்துக்குள்ள மண்ண ரொப்பிட்டா எம் புருஷன் நடந்து எறங்கிருவாரு. தப்பா சார்?”

வெகுநேரம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது, விதிகளைத் தவிர வேறெதிலும் சந்தோஷம் கண்டறியாத ஒருவரின் சந்தோஷம். ஆபத்தான பள்ளங்களை மூடுவதற்கென்று நிவாரணத்தில் தனியாகவே ஒரு திட்டம் இருந்தது. மாநிலத்தில் அதுவரை எந்த ஊரும் அதைக் கேட்டதில்லை. எள்ளுக்கரிசல் குளத்தைவிட ஆபத்தான பள்ளம் மாநிலத்தில் கிடையாது, அளவு இருக்கிறது, பலகை இருக்கிறது, மேலதிகாரியே பார்த்துப் பயந்திருக்கிறார். மூடுகிற ஆழத்துக்குத் தக்கபடி அரிசி.

“மண்ணு போடும்போது திட்டுல படுமே சார்?”

“மூடுறது தொடுறதுல சேராதும்மா” என்றார் பாக்கியநாதன், கொஞ்சம் கர்வமாகவே.

அரிசி என்றதும் ஊர் எழுந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சனங்களுக்கும் உடம்பு வலித்திருந்தது. ஊருக்கு மேற்கே, எதற்கும் ஆகாத ஓடைப் புறம்போக்கில் மண் இளக்கமாக இருந்தது, அங்கே வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளி, வரிசையாகக் கைமாற்றி, ஊரைக் குறுக்கே கடந்து, கிழக்கே கொண்டுவந்து திட்டைச் சுற்றிக் கொட்டினார்கள். முழங்கால் பள்ளம் முதல் நாளே நிரம்பிவிட்டது. அதன் பிறகும் குளம் மூடப்படவில்லை, அளவுப்படி இன்னும் எவ்வளவோ ஆழம் இருந்தது, எனவே மேலும் கொட்டினார்கள். தரைக்கு மேலே குளத்தை மூடிக்கொண்டே போனார்கள். திட்டு வளர்வதை நிறுத்திக்கொண்டது. அரிசி வேறு வழியில் வர ஆரம்பித்த பிறகு அதற்கு வளர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிட்டார்கள், தினம் ஒரு குடம் மிச்சம். இதற்குள் மில் திறந்து சங்கு ஊதத் தொடங்கியிருந்தது, ஆனால் மூட ஆரம்பித்த பள்ளத்தைப் பாதியில் விடக் கூடாது என்று விதியில் இருந்ததால் அரிசி நிற்கவில்லை.

வெள்ளைத்தாய் மட்டும் மற்றவர்கள் கஞ்சி குடிக்கிற நேரத்திலும் கூடை தூக்கினாள். மேகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கியது, மண் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏறியது. முதலில் அவன் உள்ளங்கால் தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு ஒருநாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது, தாடியும் குழிவிழுந்த கண்ணுமாக.

“ஏளா வெள்ள, இம்புட்டு மண்ணையும் நீயா செமந்த?”

“ஊரும் செமந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே அடுத்த கூடைக்கு இறங்கினாள்.

பிற்பாடு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்கே மண் எடுத்த பள்ளத்தில் அந்த ஐப்பசி மழை அப்படியே நின்றுகொண்டது, தண்ணீர் லாரி இல்லாமலே இன்றைக்கும் ஊர் அதில்தான் பிழைக்கிறது. அரசாங்கத்தின் கணக்கில் அப்படி ஒரு குளம் கிடையாது. கணக்கில் உள்ள குளம் கிழக்கே மலையாக நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஒரே மலை. வருஷத்துக்கு ஒருமுறை மீன்வளத்துறையிலிருந்து டிரம்மில் குஞ்சுகளோடு வந்து, மூச்சு வாங்க மலையேறி, உச்சியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடிப்போய் மேற்கே விடுவார்கள். ரப்பர் வளையங்களும் இப்போது அங்கேதான் மிதக்கின்றன.

அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு முதல் தூறல் விழுந்தபோது திட்டின் தலைக்கும் மலைக்கும் ஒரு சாண் இடைவெளிதான் மிச்சமிருந்தது. ஊர் மொத்தமும் சரிவில் நின்றது. பாக்கியநாதன் குடை பிடித்துக்கொண்டு கடைசி அளவு எடுத்தார். எடுத்துவிட்டு, “சாட்சி முடிஞ்சுது, எறங்கலாம்” என்றார். பெத்துராஜ் மடித்த காலை நீட்டினான். கால் யாருடையதோ போல இருந்தது. மண்ணில் ஊன்றினான், தடுமாறினான், ஊன்றினான். குருவப்பன் கை கொடுக்க வந்தார், அவன் பிடிக்கவில்லை. சரிவில் ஒவ்வொரு அடியாக, இது அவள் கொட்டியதாக இருக்கும், இது அவள் கொட்டியதாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினான்.

பாதிச் சரிவில் வெள்ளைத்தாய் கடைசிக் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். எதிரே வந்து நின்றான். வெள்ளையாக இருந்த காலத்தில் அவன் இஸ்திரி போட்ட அதே சட்டைதான். அவள் தலையிலிருந்து கூடையை எடுத்து, சும்மாடுகூட இல்லாமல் தன் தலையில் வைத்துக்கொண்டான். நனைந்த மண் நெற்றியில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

“எங்க கொட்டணும்?” என்றான்.

அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் நிரம்பியிருந்தது.

“கொட்ட எடமில்ல மாமா. வீட்டுக்குக் கொண்டாங்க, அடுப்புப் போடணும்” என்றாள்.

வடக்கே மில் சங்கு ஊதியது, ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கடைத்தெரு வழியாக, பெத்துராஜ் மண் கூடையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.